டிக்கிக்குள் இருந்த தவில்

என் தும்மலைப் பற்றி ஊரில் பலர் பலவிதமாகக் கதைக்கிறார்கள். அதில் பாதி பொய். பருத்தித்துறை பஸ்ஸில் நான் தும்ம, ரயர் வெடித்துவிட்டதென்று சாரதி வல்லை வெளியில் பஸ்ஸை நிற்பாட்டி இறங்கிச் சுற்றிப் பார்த்தது உண்மை. மயிலிட்டியில் நான் தும்ம, கரைக்கு வந்துகொண்டிருந்த வள்ளம் திரும்பிக் கடலுக்கே போய்விட்டது என்பது பொய். வள்ளம் நின்றது. அவ்வளவுதான்.

தும்மல் பெரிதாக இருப்பதில் எனக்கு வெட்கமில்லை. அது ஒன்றாக இருப்பதில்தான் கரைச்சல். மற்றவர்களுக்கு இரண்டு மூன்றாக வரும். எனக்கு அறுபது வருடமாக ஒன்றுதான். புகை மூக்கில் பட்டால் ஒன்று வரும். இனி அடுத்த நாள் பார்ப்போம் என்று போய்விடும். இரட்டைத் தும்மல் நல்ல சகுனம், ஒற்றைத் தும்மல் தடை என்று வைத்திருக்கிற எங்கள் பக்கத்தில், ஒற்றையாய்த் தும்முகிறவன் நல்ல காரியத்தில் முன்வரிசையில் இருக்கக் கூடாது. நான் நாற்பது வருடம் ஹயர் கார் ஓடியதும் அதனால்தான். எல்லாக் கலியாணத்துக்கும் போகலாம். வெளியில் நிற்கலாம்.

ஆனால் பெற்ற மகளின் கலியாணத்துக்கு வெளியில் நிற்க ஏலாது.

என் மகள் சுபாஜினிக்கு முப்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். இரண்டரை வருடத்துக்கு முன்னர் சாவகச்சேரிப் பக்கமிருந்து ஒரு பேச்சு வந்தது. எல்லாம் பொருந்தி, வெற்றிலைத் தட்டம் மாற்றுகிற நேரம், என் மனைவி மகாதேவி சாம்பிராணியை என் பக்கமாகக் கொண்டுவந்தாள். தும்மினேன். வந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். வேறு யாராவது கூட ஒன்று தும்மமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் தும்மவில்லை. நானே இரண்டாவதாக ஒன்றைச் செய்து பார்த்தேன். அது கள்ளத் தும்மல் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கண்டுபிடித்துவிட்டார். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சுபா பின்னேரம் வாழைத் தோட்டத்துக்குள் போய்த் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றாள். முதல்நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது.

இந்தமுறை வந்தது அவளே பார்த்த மாப்பிள்ளை. பெயர் ஜெயதீபன். பருத்தித்துறை. கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை. பெடியனில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. தாய் பாலேஸ்வரிதான் பெரிய சகுனக்காரி. எங்கள் வீட்டுக்கு முதல்முறை வெளிக்கிட்டு, வல்லையில் பூனை குறுக்கே போனதென்று திரும்பிவிட்டார். இரண்டாம் முறையும் அதே வல்லை, அதே பூனை. மூன்றாம் முறை பூனை நித்திரையாக இருந்திருக்க வேண்டும். வந்து சேர்ந்தார்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“சம்பந்தி, நான் சீதனம் ஒண்டும் கேக்கேல்லை. மேளம் மட்டும் பெரிசா வேணும். என்ரை அண்ணையின்ரை கலியாணத்திலை தாலி கட்டேக்கை ஆரோ ஒற்றையாத் தும்மினது எல்லாருக்கும் கேட்டது. மேளக்காரர் அடிச்ச அடி அதை மூடக் காணாமல் போச்சு. ஆறு மாசத்தாலை கடலுக்குப் போன அண்ணை திரும்பி வரேல்லை. எனக்கு அண்டைக்குப் பன்னிரண்டு வயசு. இப்ப என்ரை பிள்ளையும் கடலிலை.”

“விளங்குது,” என்றேன்.

“கெட்டிமேளம் அடிக்கேக்கை பக்கத்திலை இருக்கிறவை கதைச்சாலும் கேக்கக் கூடாது.”

“கேக்காது.”

சுபா என்னைப் பார்த்தாள். நான் முகட்டைப் பார்த்தேன்.

தும்மலுக்குக் குளிசை இல்லாமலில்லை. போட்டால் தும்மல் வராது, நித்திரை வரும். ஒருமுறை போட்டுவிட்டு ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். கண்விழித்தபோது எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்து அழுதுகொண்டிருந்தார்கள். கன்னிகாதானத்தை அப்படி நடத்த ஏலாது. ஓமத்துக்குப் பக்கத்தில், புகை வருகிற பக்கமாகத் தகப்பனை இருத்தித்தான் அதைச் செய்கிறார்கள். ஆகவே என் தும்மலுக்கும் சுபாவின் தாலிக்கும் நடுவில் நிற்கக்கூடியது கெட்டிமேளம் ஒன்றுதான். அந்த நேரத்தில் காதில் விழக்கூடாதது விழாமல் இருக்கத்தானே அதை அடிக்கிறார்கள்.

மேளத்துக்கு நமசிவாயத்தைப் பிடித்தேன். அவர் தவிலில் கை வைத்தால் எங்கள் ஊரில் நாய்கூட ஓசைப்படாமல்தான் குரைக்கும். ஆவணியில் நாள் வைத்தாயிற்று. மண்டபங்கள் எல்லாம் நிரம்பிவிட்டதால் வீட்டு முற்றத்திலேயே பந்தல். கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நமசிவாயம் போன் எடுத்தார்.

“அண்ணை, பெரியப்பா மோசம் போயிட்டார். முப்பத்தொரு நாள் செத்தவீட்டுத் துடக்கு.”

“உமக்குத்தானே? மற்ற ஆக்களை அனுப்புமன்.”

“மற்றத் தவில் என்ரை தம்பி, நாயனம் மச்சான், மற்ற நாயனம் பெரியப்பாவின்ரை மோன், தாளம் என்ரை மோன். ஆரை அனுப்ப?”

அந்த முகூர்த்தத்துக்குக் கீரிமலையிலிருந்து கொடிகாமம் வரை ஒரு மேளமும் மிச்சமில்லை. எல்லோரையும் கேட்டுப் பார்த்தாயிற்று. அடுத்த நாள் நமசிவாயமே திரும்பவும் எடுத்தார்.

“அண்ணை, போன மாசம் கோயிலிலை நாங்கள் அடிச்ச கெட்டிமேளத்தை மோன் போனிலை பதிஞ்சு வைச்சிருக்கிறான். அனுப்பிவிடட்டோ? பெரியப்பா உயிரோடை இருக்கேக்கை அடிச்சது. அவரும் பக்கத்திலைதான் இருந்தவர்.”

பதிவுக்கும் துடக்குத் தீட்டு உண்டா என்று ஐயரிடம் கேட்டேன். அவர் கண்ணை மூடிக் கனநேரம் யோசித்தார். நித்திரையோ என்று நான் எழும்ப, சொன்னார்: “துடக்கு அடிச்ச ஆளுக்கு. சாவுக்கு முன்னம் அடிச்ச அடிக்கு இல்லை. போடலாம். ஆனால் பெரிசாக் கேக்கோணும்.”

ஸ்பீக்கர்காரர் யாரையாவது பிடித்திருக்கலாம். ஊரில் மூன்று கோயிலில் திருவிழா, ஒருவரும் கிடைக்கமாட்டார்கள் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் நான் ஒருவரையும் கேட்கவில்லை. என்னிடம் ஸ்பீக்கர் இருந்தது.

என் பழைய ஒஸ்ரின் காரில், பின்கண்ணாடிக்குக் கீழே, டிக்கிக்கு மேலே, முட்டை வடிவில் இரண்டு ஸ்பீக்கர் பூட்டியிருந்தேன். அந்தக் காலத்தில் நான் கோப்பாயில் பாட்டைப் போட்டால் நீர்வேலியில் மகாதேவி உலையில் அரிசி போடுவாள். காரை விற்றபோது ஸ்பீக்கரையும் சத்தத்தைப் பெருக்குகிற அம்ப்பையும் கழற்றி வைத்துக்கொண்டேன். வாங்கினவர் கார் ஏன் இவ்வளவு அமைதியாக ஓடுகிறது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கக் கூடும்.

இரண்டு கதிரையில் இரண்டு ஸ்பீக்கரையும் சாத்திவைத்து, கார் பற்றரியில் அம்ப்பைக் கொழுவி, நமசிவாயத்தின் கெட்டிமேளத்தைப் போட்டேன். காதடியில் ரீங்கரிக்கிற இரண்டு நுளம்பு சண்டை பிடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. தவிலின் வலந்தலையில் விரல்கள் ஓடுவது கேட்டது. தடியால் ‘தொம்’ என்று அடிக்கிற தொப்பிப் பக்கத்தைக் காணவில்லை. நாயனம் தனியாய் நின்று அழுதது. இந்தச் சத்தத்துக்குள் என் தும்மலை ஒளிப்பது, மூக்குத் துடைக்கிற லேஞ்சிக்குள் யானையைச் சுற்றுகிற மாதிரி.

ஜெனிற்றாவைக் கூப்பிட்டேன். கோப்பாய்ச் சந்தியில் கார்களுக்குப் பாட்டுப்பெட்டி பூட்டுகிற கடை அவளுடையது. நாற்பத்தைந்து வயது. கையில் எப்போதும் ஒரு குறடு. நாக்கு அதைவிடக் கூர்.

கதிரையைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

“அய்யா, ஸ்பீக்கரைக் கழட்டினியள். டிக்கியை என்னத்துக்கு விட்டனியள்?”

“டிக்கிக்குள்ளை என்ன கிடந்தது? ஒரு ரயரும் ரெண்டு சாக்கும்.”

“காத்துக் கிடந்தது. ஸ்பீக்கர் முன்னாலை ஒரு சத்தத்தைத் தள்ளேக்கை, பின்னாலை அதுக்கு எதிர்ச் சத்தம் ஒண்டும் போகும். டிக்கி அந்தப் பின்சத்தத்தைப் பிடிச்சு அடைச்சு வைச்சிருந்தது. இப்ப பின்னாலை போனது சுத்தி முன்னுக்கு வந்து மற்றதைத் திண்டுபோடுது. கீச்சுச் சத்தம் தப்பி ஓடிடும். பேஸ் எண்ட கனத்த சத்தம்தான் அகப்படும்.”

“அப்ப டிக்கி வேணும்.”

“பெட்டி வேணும். காத்துப் போகாத பெட்டி. ஆளுக்கொண்டு.”

என் தமையன் அட்டனில் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த காலத்தில் வந்த தேயிலைப் பெட்டிகள் இரண்டு, மகாதேவியின் பித்தளைப் பாத்திரங்களோடு அறைக்குள் கிடந்தன. பாத்திரங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, பெட்டிகளில் முட்டை வடிவில் ஓட்டை வெட்டினேன். பலகை அதிராமல் இருக்க உள்ளே குறுக்காக ஒவ்வொரு கட்டை இறுக்கினேன். மூலை முடுக்கெல்லாம் புட்டி பூசி அடைத்தேன். உள்ளே பஞ்சு போட்டால் சத்தம் முட்டிமோதாமல் இன்னும் இறங்கி வரும் என்றாள் ஜெனிற்றா. பஞ்சும் போட்டேன்.

“இஞ்சாருங்கோ, என்ரை தலையணி ரெண்டும் எங்கை?” என்றாள் மகாதேவி.

“சம்பந்தி வீட்டுக்காக ஒரு உதவி செய்யப் போயிருக்குது.”

விறாந்தையில் வைத்துப் போட்டோம். தொப்பி வந்தது. ‘தொம்’ என்று நெஞ்சில் கை வைத்தது. தண்ணீர்க் கோப்பைக்குள் கிடந்த மகாதேவியின் கட்டுப்பல் தாளம் போட்டது. தவறாமல் போட்டது என்பதுதான் ஆச்சரியம். வாயில் இருக்கும்போது அதற்கு அவ்வளவு தாளஞானம் கிடையாது.

ஜெனிற்றா போய்விட்டாள். நான் பெட்டிகளைப் பந்தலுக்குக் கொண்டுபோய், மணவறையின் இரண்டு பக்கமும் வைத்து, வெள்ளைத் துணியால் மூடினேன். வயரை இழுத்துக்கொண்டிருக்கும்போது மகாதேவி குத்துவிளக்கோடு வந்தாள்.

“உதென்ன கறுப்பு?”

“வயர்.”

“மணவறையிலை கறுப்போ? உங்களுக்கு விசரே? பாலேஸ்வரி கண்டால் உதிலையே நிண்டு திரும்பிப் போடும். கழட்டுங்கோ!”

சொன்னது நியாயம். கலியாண வீட்டில் நாங்கள் கறுப்புக் குடைகூட விரிப்பதில்லை. நல்ல குங்குமச் சிவப்பில் புது வயர் வாங்கிவந்து, ஒரு வயரும் விடாமல் நானே மாற்றினேன். சிவப்பு இருந்த இடத்திலும் சிவப்பு, கறுப்பு இருந்த இடத்திலும் சிவப்பு. பார்க்க லட்சணமாக இருந்தது. போட்டுக் கேட்கவில்லை. நேற்றுக் கேட்ட தவில்தானே.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, பந்தல் பார்க்கவென்று பாலேஸ்வரி கணவரோடு வந்தார். கணவர் அதிகம் கதைக்காத மனிதர். பாலேஸ்வரி நேரே மணவறைக்கு முன்னால், இரண்டு பெட்டிக்கும் நடுவில் போய் நின்றார்.

“எங்கை சம்பந்தி, மேளத்தைப் போடுங்கோ கேப்பம்.”

போட்டேன். நுளம்புகள் திரும்பி வந்திருந்தன. இந்தமுறை பெட்டிக்குள்ளிருந்து.

“இது மேளமோ? பால்மா ரின்னிலை கரண்டியாலை தட்டின மாதிரிக் கிடக்கு.”

“இன்னும் சூடேறேல்லை,” என்றேன்.

சூடேறும்வரை நின்று பார்த்தார். பிறகு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியைக் கண்டபோதுதான் இது வெறும் பிடிவாதமில்லை, மனுசி உண்மையாகவே பயந்துபோயிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

“கலியாண நாளை மாத்துவம் சம்பந்தி.”

“ஆவணி முடியுது. புரட்டாதியிலை கலியாணம் இல்லை, மாப்பிள்ளையும் கப்பலேறினால் ஒன்பது மாசம்...”

“ஒன்பது மாசம் பொறுக்கலாம். ஒரு தும்மல் கேட்டால் சாகுமட்டும் பொறுக்கோணும். நாளைக்குக் காலமை ஒருக்கால் வாறன். அப்பவும் உப்பிடித்தான் எண்டால் நாளை மாத்துவம்.”

அவர்கள் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். சுபா குசினி வாசலில் நின்றாள். மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தவள். இரண்டு கையும் மஞ்சள்.

“அப்பா, நான் தோட்டத்துக்குத் தண்ணி கட்டிப்போட்டு வாறன்,” என்றாள்.

வடக்கே மழை இருட்டு. இரண்டாவது துளி என் மொட்டையில் விழுந்துவிட்டது. பல சாமான்களை உடைத்திருக்கிறேன், பாருங்கோ. திருத்தியும் இருக்கிறேன். ஒரே பிள்ளையை இரண்டுதரம் மழைத் தண்ணீருக்கு மேல் தண்ணீர் கட்ட அனுப்பிய தகப்பன் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவன்தான்.

“நில் பிள்ளை,” என்றேன். “ஜெனிற்றா வரட்டும். ஒரு மணித்தியாலம்.”

ஜெனிற்றா வந்து கேட்டாள். இடது பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். வலதுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். நடுவில் வந்து நின்றதும் முகத்தைச் சுளித்தாள். பிறகு குனிந்து, வலது பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

“இப்ப கேளுங்கோ.”

ஒற்றைப் பெட்டி. ஆனால் தொப்பி வந்தது. ‘தொம்.’

“ரெண்டு சேர்ந்து அடிக்கேக்கை வராதது, ஒண்டை நிப்பாட்ட எப்பிடிப் பிள்ளை வருது?”

“கறுப்பு வயர் எங்கை அய்யா?”

“மணவறையிலை கறுப்புக் கூடாது.”

ஜெனிற்றா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

“வயருக்குமோ சகுனம் பாக்கிறியள்? எது எந்தப் பக்கம் எண்டு தெரியத்தான் ஒண்டு சிவப்பு, ஒண்டு கறுப்பு. எல்லாத்தையும் சிவப்பாக்கி, ஒரு பெட்டிக்கு வயரை மாறிக் குடுத்திட்டியள். இப்ப ஒரு ஸ்பீக்கர் முன்னுக்கு வரேக்கை மற்றது பின்னுக்குப் போகுது. ஒண்டு தள்ளுற காத்தை மற்றது இழுக்குது. என்ரை மனுசனும் நானும் மாதிரி. நாள் முழுக்கச் சத்தம், ஒரு காரியம் நடக்காது.”

ரோச் லைற்றைத் திறந்து ஒரு பற்றரியை எடுத்தாள். துணியை விலக்கி, அம்ப்பின் பக்கமிருந்த இரண்டு வயர் நுனியையும் பற்றரியின் இரண்டு தலையிலும் தொட்டாள். இடது ஸ்பீக்கரின் கூம்பு ‘டப்’ என்று வெளியே துள்ளியது. வலதுக்கும் அதே மாதிரித் தொட்டாள். அது ‘டப்’ என்று உள்ளே போனது.

“பாத்தியளோ? உவர்தான் கள்ளன்.”

அந்த இரண்டு நுனியையும் மாற்றித் தொட்டாள். கள்ளன் வெளியே வந்தான்.

“இனி மாறாமல் இருக்க ஒரு அடையாளம் வேணும். கறுப்பு ரேப் ஒரு துண்டு சுத்தட்டோ?”

“கறுப்போ?” என்றாள் மகாதேவி உள்ளேயிருந்து.

சுபா வந்தாள். குந்தியிருந்து, ஜெனிற்றா காட்டிய வயர்களை மட்டும் தன் மஞ்சள் விரல்களால் பிடித்து ஒரு சாண் நீளத்துக்கு உருவிவிட்டாள்.

“மஞ்சள் பூசினது ஒரு பக்கம், பூசாதது மற்றப் பக்கம். இவ்வளவு காணுமோ அக்கா?”

“இருபது வருசமா இந்தத் தொழில் செய்யிறன்,” என்றாள் ஜெனிற்றா. “ஸ்பீக்கருக்கு மஞ்சள் பூசினது இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

இரண்டு பெட்டியையும் சேர்த்துப் போட்டோம். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கேட்டது என்று சொல்ல ஏலாது. காலால் ஏறி, முழங்காலில் ஒருதரம் நின்று, நெஞ்சில் வந்து இருந்தது. முகட்டிலிருந்து ஒரு பல்லி விழுந்தது. மகாதேவி அது விழுந்த திசைக்குப் பலன் பார்க்குமுன் இன்னொன்று விழுந்து பலனை மாற்றியது. பின்வளவில் ஒரு தேங்காய் விழுந்தது. அது தானாகவே உரிந்திருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆகவே நான் அதை ஒருவருக்கும் சொல்வதில்லை.

சுபா தண்ணீர் கட்டப் போகவில்லை. மழைதான் கட்டியது.

அடுத்தநாட் காலை பாலேஸ்வரி வந்து அதே இடத்தில் நின்றார். கணவரைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார்.

“மேளம் போடேக்கை என்ரை காதுக்குள்ளை ஏதாவது சொல்லுங்கோ. கேக்குதோ எண்டு பாப்பம்.”

போட்டேன். அந்த மனிதர் குனிந்து காதுக்குள் சொல்லத் தொடங்கினார். முதலில் ஒரு வசனம். பிறகு இன்னொன்று. பிறகு கையை ஆட்டி ஆட்டி, மேளம் முடியும்வரை சொன்னார்.

“ஒரு சொல்லும் கேக்கேல்லை!” பாலேஸ்வரியின் முகம் பூத்துவிட்டது. “என்ன சொன்னனீங்கள்?”

“சும்மா. மேளம் நல்லாக் கிடக்கு எண்டன்,” என்றார் அவர். பத்து வயது குறைந்த மாதிரி நடந்து போய் ஓட்டோவில் ஏறினார்.

கலியாணத்தன்று நான் ஓமத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். ஐயர் நெய்யை விட்டார். புகை எல்லாப் பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் வந்தது. கன்னிகாதானத்துக்குச் சுபாவின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போதே மூக்கின் அடியில் அது எழும்பிவிட்டது. தொடையைக் கிள்ளினேன். பந்தலில் தொங்கிய பல்புகளை எண்ணினேன். ஐயர் சொல்லச் சொன்ன மந்திரத்தை மூக்கைத் திறக்காமல் சொன்னேன். அது எந்தப் பாசை என்று அம்மனுக்குத்தான் தெரியும். சுபா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. என் விரலைப் பிடித்து ஒருதரம் இறுக்கினாள். இன்னும் கொஞ்சம், அப்பா.

ஜெயதீபன் தாலியை எடுத்தான். ஐயர் கையைத் தூக்கினார்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

மணவறைக்குப் பின்னால், பச்சைப் பட்டுச்சேலையில் பற்றரிக்குப் பக்கத்தில் இருந்த ஜெனிற்றா விரலை அமர்த்தினாள்.

பலகை அதிர்ந்தது. பந்தல் அதிர்ந்தது. நமசிவாயமும் தம்பியும் மச்சானும் ஒரு மாதத்துக்கு முந்திய கோயில் வாசலிலிருந்து எழும்பி என் மகளின் கழுத்தைச் சுற்றி நின்று அடித்தார்கள். முதலாம் முடிச்சு விழுகிறதைக் கண்டேன். பிறகு எழுபத்தொரு வயதையும் சேர்த்துத் தும்மினேன்.

ஒருவரும் திரும்பவில்லை. என் கையிலிருந்த அறுகரிசி மட்டும் மற்றவர்களுக்கு முதல் பறந்துபோய் மணமக்கள் மேல் விழுந்தது. தகப்பன் தொடங்கிவிட்டார் என்று நினைத்துச் சபையில் எல்லோரும் எறிந்தார்கள். மூன்றாம் முடிச்சும் விழுந்தது. பாலேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். தாய் மனம், என்று நினைத்துக்கொண்டேன். சுபா குனிந்த தலையோடு சிரித்தாள். எனக்குக் கால் கை எல்லாம் கழன்றுபோன மாதிரி ஒரு சுகம். அந்த இடத்திலேயே படுத்திருப்பேன். ஐயர் எழும்பச் சொன்னார்.

பந்தி முடிகிற நேரம் பாலேஸ்வரி என்னிடம் வந்தார்.

“அண்ணை, ஒருக்கால் கிணத்தடிக்கு வாங்கோ.”

அதுவரை சம்பந்தி என்றவர். நான் பின்னால் போனேன். சுற்றிவரப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தாலி கட்டேக்கை உங்களுக்கு ஏதும் கேட்டதோ?”

“என்ன மாதிரி?”

“தும்மல்.”

நாற்பது வருடம் கார் ஓடியிருக்கிறேன். பிரேக் போய்விட்டால் செய்யக்கூடியது ஒன்றுதான். நேரே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

“எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. உங்களுக்கு?”

“எனக்கும் கேக்கேல்லை.” கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஆனா தும்மினது நான்.”

நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

“என்ரை அண்ணையின்ரை கலியாணத்திலை தும்மினதும் நான்தான். ஓமப் புகை எனக்கு ஒத்துவராது. ஆர் தும்மினது எண்டு ஊர் முழுக்கத் தேடிச்சுது. நானும் சேர்ந்து தேடினன். அம்மா செத்துப் போகுமட்டும் அவவுக்கும் சொல்லேல்லை. அதுதான் மேளம் மேளம் எண்டு உங்களைப் போட்டு வதைச்சனான். இண்டைக்கும் புகை வந்திட்டுது. இண்டைக்கும் ஒற்றை. என்ரை பிள்ளைக்கு...”

“பொறுங்கோ,” என்றேன். “எந்த முடிச்சிலை தும்மினியள்?”

“ரெண்டாம் முடிச்சிலை.”

“நான் முதலாம் முடிச்சிலை.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்களோ?”

“ஓம். அறுபது வருசமா எனக்கும் ஒற்றைதான். சாவகச்சேரிச் சம்பந்தம் குழம்பினதும் அதாலைதான். உங்களுக்குச் சொல்லப் பயம்.”

பாலேஸ்வரி வலது கையைத் தூக்கி ஒரு விரலை மடித்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு விரலையும் மடித்தார்.

“அப்ப ரெண்டு.”

“ரெண்டு. ஒரு வீட்டிலை ஒண்டு, மற்ற வீட்டிலை ஒண்டு. முடிச்சுக்கு முடிச்சு. உப்பிடி ஒரு இரட்டைத் தும்மல் ஆருக்கு வாய்க்கும்?”

அவர் மூச்சை விட்டார். ஐம்பது வருட மூச்சு. கிணற்றடி வாழை இலை ஒன்று அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

“ஆனா அண்ணை... அண்டைக்கு அது ஒற்றைதானே,” என்றார் மெதுவாக.

நான் ஆறுதல் சொல்லப் பழகாதவன். உள்ளதைச் சொன்னேன்.

“தங்கச்சி, மயிலிட்டியிலை நான் ஒருக்கால் தும்மினனான். என்ரை தும்மலே வந்த வள்ளத்தை நிப்பாட்டினது மட்டும்தான், திருப்பேல்லை. பன்னிரண்டு வயசுப் பெட்டையின்ரை தும்மல் கடலை என்ன செய்யும்?”

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்து, கிணற்றுக் கட்டைப் பிடித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“இதை ஆரிட்டையும் சொல்லிப்போடாதையுங்கோ அண்ணை.”

“நான் சொல்லுவனே?” என்றேன். “சொன்னாலும், நான் சொல்லுறதை ஆர் நம்புவினம்?”